சனிக்கிழமை சூப்புக்கு ஒரு பொடி

ஜமைக்காவில் சனிக்கிழமை என்றால் சூப்தான். பூசணி, யாம் கிழங்கு, மாவு உருண்டை எல்லாம் ஒரே பானையில். நம்முடைய சௌசௌவும் உண்டு, அங்கே அதற்கு சோ சோ என்று பெயர்! பலரும் கடைசியில் கடைப் பொடி ஒரு பாக்கெட் கொட்டுவார்கள். எனக்கு அதன் உப்பு ஒத்துவரவில்லை. அதனால் நானே செய்துவிட்டேன்.

பூசணியை மெல்லிசாகச் சீவி ஓவனில் 70 டிகிரியில், ஒடித்தால் முறியும் வரை காயவைத்தேன். பொறுமை வேண்டும், லேசாக ஈரம் இருந்தாலும் பொடி கட்டிதட்டும். அந்தப் பொடி 4 ஸ்பூன், காய்ந்த வெங்காயத்தாள் 2, தைம் (ஒரு மூலிகை இலை) 1, பூண்டுப்பொடி 1, உப்பு அரை, பிமென்டோ (ஆல்ஸ்பைஸ்) அரை. பிமென்டோவை முழுதாக வாங்கி அப்போதே இடியுங்கள். பார்க்க மிளகு மாதிரி இருக்கும். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த வாசனை வரும். ஜமைக்கா சமையலின் உயிரே அதுதான்.

ஸ்காட்ச் பானெட் மிளகாயைப் பொடியில் சேர்க்கவில்லை. அதைப் பச்சையாக, காம்போடு, முழுசாகச் சூப்பில் மிதக்கவிட வேண்டும். உடையாமல் எடுத்துவிட்டால் காரம் மட்டாக இருக்கும், மணம் மட்டும் சூப் முழுக்க இறங்கியிருக்கும்.

நாலு பேர் சூப்புக்கு 2 ஸ்பூன் பொடி போதும்.