அல்வா உண்டு, அச்சு இல்லை

2021 பிப்ரவரி 1, மத்திய பட்ஜெட் வாசிக்க வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கையிலிருந்த சிவப்பு உறைக்குள் காகிதம் இல்லை, டேப்லெட். பட்ஜெட் அச்சு வேலை தொடங்குவதற்காக வருடாவருடம் கிண்டும் அல்வாவை மட்டும் அச்சே இல்லாத அந்த வருடமும் விடாமல் கிண்டினார்கள். சரி, அது போகட்டும். 2020-21க்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 3.5 சதவீதம் என்று போட்ட நிதிப் பற்றாக்குறை, அதாவது அரசு கடன் வாங்கி அடைக்க வேண்டிய துண்டு, ஊரடங்கில் வரி வற்றி, இலவச ரேஷன் அது இதுவென்று செலவும் ஏறி, திருத்திய மதிப்பீட்டில் 9.5 ஆனது, அந்த நேரத்தில் கடன் வாங்கிச் செலவழித்ததில் எனக்கு மறுப்பில்லை. தடுப்பூசிக்கு 35,000 கோடி, நல்லது. ஆனால் 'சுகாதாரம், நல்வாழ்வு'க்கு 137 சதவீதம் உயர்வு என்றார்களே, அப்புறம் அட்டவணையைப் புரட்டினால் குடிநீர், துப்புரவுக்கான 60,000 கோடியும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் அவசியம்தான், அதை ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதினால் எப்படி?