படிக்குக் கீழே ஓர் ஊர்

கொலு வைத்திருக்கிறோம் என்று சொன்னவுடன் கேட்கப்படும் முதல் கேள்வி எத்தனை படி என்பதுதான். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், கேட்டவர் மனத்தில் நம் கொலுவின் அளவும் ஓரளவுக்கு நம் வசதியும் பதிந்துவிடும். அடுத்த கேள்வி, இந்த ஆண்டு புதிதாக என்ன செட் வாங்கினீர்கள் என்பது. படிக்கு முன்னால் தரையில் ஒரு குட்டி ஊராக அமைக்கும் 'பார்க்'கைப் பற்றி யாரும் தொலைபேசியில் விசாரிப்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் மேல்படியில் இருக்கும் கலசத்தைக் கும்பிட்டுவிட்டுக் கீழே குனிந்தால், நிமிர்வதற்கு நேரமாகிறது. இன்றைய கொலுவில் வீட்டார் தம் கையால் செய்வதென்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தத் தரைப் பகுதிதான் என்பது என் எண்ணம்.

ஒரு காலத்தில் படியே கைவேலையாக இருந்தது. டிரங்குப் பெட்டிகள், பெஞ்சு, பழைய பாடப்புத்தகக் கட்டுகள், கீழ்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பலகை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கம் பார்த்து அடுக்கி, அப்பாவின் எட்டு முழ வேட்டியை மேலே விரித்து, மடிப்பு விழும் இடங்களில் குண்டூசி குத்துவதற்கு ஒரு முழுப் பகல் போகும். இப்போது துளையிட்ட இரும்புச் சட்டங்களை நட்டு போட்டு முடுக்கினால் அரை மணி நேரத்தில் படி நின்றுவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பெட்டி ஆடுமோ, மேலே இருக்கும் தசாவதாரம் சரியுமோ என்ற கவலை ஒழிந்தது. படியில் எதை எங்கே வைப்பது என்பதற்கும் ஏற்கெனவே ஒழுங்கு இருக்கிறது. மேலே தெய்வங்கள், இடையில் மகான்கள், கீழே மனிதர்கள். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இணைக்குப் புது உடை உடுத்தி உரிய இடம் தர வேண்டும். அரிசி, பருப்பு, உப்பு என்று சிறுசிறு கிண்ணங்களில் பரப்பிய மளிகைக் கடையோடு செட்டியாரும் ஆச்சியும் கீழ்ப்படிகளில் அமர்ந்துவிடுவார்கள். பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த பொம்மைகள் அந்த ஒழுங்குக்குள் நின்றுகொள்கின்றன. நாம் செய்வதற்கு அங்கே அதிகம் இல்லை.

பார்க்கிற்கு அப்படி எந்தச் சாத்திரமும் கிடையாது. அதனாலேயே அது பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதை விதித்தவர் என் அம்மா. அவர் பிறந்து வளர்ந்தது திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஆகவே நாங்கள் சென்னைக்குக் குடிவந்த பிறகும் எங்கள் பார்க்கில் நடுநாயகமாக மலைக்கோட்டைதான் நிற்க வேண்டும். மலையுச்சியில் கட்டைவிரல் உயரத்துக்கு உச்சிப் பிள்ளையார், இடையில் தாயுமானவர் சன்னிதி, அடிவாரத்தில் நடுமண்டபத்தோடு கூடிய தெப்பக்குளம், குளத்துக்கு அப்பால் அட்டையில் வெட்டிய கூர்முனைக் கோபுரத்தோடு லூர்து மாதா கோயில். நவராத்திரிக் கொலுவில் மாதா கோயில் எதற்கு என்று ஒரு மாமி கேட்டபோது, அது அங்கே இருக்கிறதே என்று மட்டும் அம்மா சொன்னார். அதற்கு மேல் அந்த மாமிக்கும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மலை செய்வது எளிது. இரண்டு வாளிகளையும் ஒரு குண்டானையும் கவிழ்த்து, இடைவெளிகளில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, களிமண் கரைசலில் முக்கிப் பிழிந்த கோணிச் சாக்கை மேலே போர்த்தினால், சாக்கு விழும் விதத்திலேயே பாறையின் மடிப்புகள் வந்துவிடும். தரைக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பு மிக முக்கியம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாக்கு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கடுகைத் தூவிவிட்டால், கோணி இழைகளைப் பற்றிக்கொண்டு அங்கேயே முளைத்து, மூன்றாம் நாளில் மலைச்சரிவு பச்சை பூத்துவிடுகிறது. தினமும் இருமுறை நீர் தெளித்தால் போதும். ஊற்றினால் மண் கரைந்து குளத்தில் இறங்கிவிடும்.

பார்க்கின் உயிர் இந்த முளைகளில் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடுகு, வெந்தயம், கேழ்வரகு, நெல் ஆகிய நான்கும் நான்கு விதமாக வளர்பவை. கடுகு விரைவாக முளைத்து இரண்டிரண்டு உருண்டை இலைகளை விரிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புதர்க்காடு போல அடர்த்தியாகத் தெரியும். வெந்தயத்தின் இலை சற்று நீண்டது. சாலையோர மரவரிசைக்கு அது பொருந்தும். கேழ்வரகு மெல்லிய புல்லாக எழும்புவதால் வயல் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நெல்லையே நெல்வயலுக்குப் போடலாமே என்று தோன்றும். ஆனால் அது எழுந்துவர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், எழுந்தபின் மனிதப் பொம்மைகளின் தலைக்கு மேல் ஓங்கி நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதுதான் பார்க்கைக் கெடுப்பது. கடுகு ஏழாம் நாளுக்குள் நெட்டையாகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சரஸ்வதி பூஜைக்கு வருகிறவர்கள் சாய்ந்த வைக்கோலைத்தான் பார்ப்பார்கள். எனவே கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் முளைகட்டி, மகாளய அமாவாசைக்கு நான்கு நாள் முன்னதாகவே தட்டில் தூவிவிட வேண்டும். முதல் தொகுதிக் கடுகை அமாவாசையன்றும், இரண்டாம் தொகுதியைத் தனித் தட்டில் நான்காம் நாளன்றும் போட்டுவைத்தால், ஒன்று சாயும்போது மற்றொன்றை அந்த இடத்தில் மாற்றிவிடலாம். 2025-இல் திதி ஒன்று நீண்டதால் செப்டம்பர் 22 அன்று தொடங்கிய நவராத்திரிக்கு அக்டோபர் 2 அன்றுதான் விஜயதசமி வந்தது. பஞ்சாங்கத்தை ஆகஸ்டிலேயே பார்த்து அந்தக் கூடுதல் நாளுக்காக ஒரு கிண்ணம் வெந்தயத்தைத் தனியே முளைக்கவிட்டவர் அம்மாதான்.

தோட்டத்து மண்ணைவிடத் தென்னை நார்க்கழிவு நல்லது. எடை குறைவு, ஈரத்தைப் பிடித்துவைக்கும், எறும்பும் குறைவாகவே வரும். வீட்டுக்குள் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதால் முளைகள் ஜன்னலை நோக்கி வளையும். தினமும் தட்டை அரைவட்டம் திருப்பிவைக்க வேண்டும். பகலில் தட்டுகளை பால்கனியில் வைத்துவிட்டு மாலை விளக்கேற்றும் முன் உள்ளே கொண்டுவருவது அண்ணன் மகளின் பொறுப்பு. அவள் பள்ளியிலிருந்து வந்ததும் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இன்று வயல் என்ன உயரம் என்பதை ஓர் அளவுகோலால் அளந்து அறிவிப்பாள்.

உச்சிப் பிள்ளையார் மண்டபமும் தாயுமானவர் சன்னிதியும் காகிதக்கூழால் ஆனவை. பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, தனியே ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து கிரைண்டரில் அரைத்து, துணியில் பிழிந்தெடுத்தால் பிசைந்த மாவின் பதத்தில் கூழ் கிடைக்கும். வெந்தயத்தின் கொழகொழப்பு பிடிமானத்தைத் தருகிறது, அதன் கசப்பு பூச்சியை அண்டவிடுவதில்லை. எங்கள் பாட்டி தலைமுறையில் இதே கூழைக் கூடைகளிலும் முறங்களிலும் பூசுவார்கள். எண்ணெய் தடவிய கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கூழை விரல்தடிப்பில் அப்பி, நல்ல வெயிலில் நான்கைந்து நாள் காயவைத்துக் கிண்ணத்தை உருவிவிட்டால் மண்டபத்தின் மேற்கூரை தயார். சுவர்களுக்குத் தீப்பெட்டிகளின் மேல் அதே கூழ். அதன்மேல் சுண்ணாம்பும் செங்காவியும் மாறிமாறிப் பட்டைகளாக. இந்தப் பட்டையை அடிக்கும் வேலையை அம்மா இன்றுவரை வேறு யாருக்கும் விட்டதில்லை. தென்னங்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக இழுப்பார். கோடு நேராக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சற்று வளைந்தால், கோயில் பழசு, அப்படித்தான் இருக்கும் என்பார்.

குளத்துக்கு ஒரு சதுர அலுமினியத் தட்டு. கண்ணாடியை வைத்துக் குளம் காட்டும் வழக்கமும் உண்டு, அதில் சீரியல் விளக்குகள் பிரதிபலிப்பது அழகாகவும் இருக்கும். ஆயினும் தண்ணீர் இருந்தால்தான் பிள்ளைகள் தினமும் அதை மாற்றுவார்கள், தெப்பத்தைத் தள்ளுவார்கள், கீழ்வீட்டுச் சிறுவன் விரலை விட்டுத் திட்டு வாங்குவான். கொலுவில் தொட்டு விளையாட அனுமதிக்கப்பட்ட ஒரே இடமாவது இருக்க வேண்டாமா? எங்கள் தெப்பம் தெர்மோகோலில் செய்தது. அதன்மேல் அகல்விளக்கு வைக்க வேண்டும் என்று கிளம்பிய யோசனையை மட்டும் நான் அடியோடு மறுத்துவிட்டேன். எண்ணெயும் நெருப்பும் தெர்மோகோலும் ஒன்றாக இருக்கக் கூடாது. பட்டன் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு போதுமானது.

இந்த ஆண்டு அடிவாரத்தில் ஒரு தகராறு நடந்தது. அண்ணன் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கிலோமீட்டர் என்பதை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லக்கூடியவன். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் தோண்டிக் கிடக்கும் சாலையையும் தடுப்புத் தகரங்களையும் பார்த்துப் பழகியவனுக்கு, ஊர் என்றால் அவையும் அதற்குள் அடக்கம். மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பெரிய கடை வீதி இருக்க வேண்டிய இடத்தில், அட்டைத் தகரங்களை வரிசையாக நிறுத்தி, பழைய கிரேன் பொம்மை ஒன்றை வைத்து, "பணிகள் நடைபெறுகின்றன, சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு பலகையும் எழுதிவிட்டான்.

"மலைக்கோட்டைக்கு ஏதுடா மெட்ரோ?" என்றார் அம்மா.

"வரும் பாட்டி. வர்ற வரைக்கும் இந்த ரோடு இப்படித்தான் இருக்கும்."

"அப்போ சுவாமி புறப்பாடு எந்தப் பக்கம் போகும்?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் யோசித்து, நந்தி கோயில் தெரு வழியாக மாற்றுப்பாதை என்று அம்புக்குறி போட்ட இன்னொரு பலகையை எழுதினான். தெரு சரியாகத்தான் இருக்கிறதா என்று அம்மாவிடமே கேட்டு, அவர் தரையில் உட்கார்ந்து விரலால் கோடு போட்டுக் காட்ட, மெயின் கார்டு கேட் எங்கே, சின்னக் கடைத் தெரு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் கோலப்பொடியில் வரையப்பட்டது. அம்மாவின் திருச்சி வரைபடம் எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக இப்படித்தான் பதிவாயிற்று. சரவிளக்கு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஏணியிலேயே நின்று அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நிறுவனங்களிலும் கொலுப் போட்டிகள் நடக்கத் தொடங்கியபின், 'தீம்' இல்லாத கொலுவுக்கு மதிப்பு குறைந்திருப்பதைக் காண்கிறேன். நன்றாகச் செய்யப்பட்ட தீம் கொலுக்களை நானும் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் நடுவர்கள் வருவதற்கு முன்பு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பெரியவர்களே பார்க்கையும் எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. நேர்த்தியாக வெட்டிய செயற்கைப் புல்விரிப்பும் ஆயத்தமாக விற்கும் குட்டி மரங்களும் முதல் நாளே முழுமையாக இருந்துவிடுகின்றன. பத்து நாள் வைத்திருக்கும் ஒன்றில் ஐந்தாம் நாள் பார்க்கப் புதிதாக எதுவும் வேண்டாமா? நாங்கள் ஏழாம் நாளன்று ஒரு பெட்டிக்கடை வைத்தோம், நவமியன்று அந்தக் கடைக்கும் கிரேனுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு ஆயுத பூஜையும் நடந்தது.

மாலை வேளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பட்டாணி, ஒரு நாள் வெல்லம் போட்ட காராமணி, வெள்ளிக்கிழமை புட்டு. வருகிறவர்களுக்குப் பாட்டு வருமா என்று கேட்பது, வராது என்று அவர்கள் சொல்வது, பிறகு இரண்டு பாட்டு பாடுவது, வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்து வழியனுப்புவது. எங்கள் வீட்டில் கூடுதலாக நடந்தது ஒன்று உண்டு: திருச்சிக்காரர் யார் வந்தாலும் அம்மா அவரைக் குளத்தருகே உட்காரவைத்து, உங்கள் வீடு இதில் எங்கே வரும் என்று கேட்டுவிடுவார்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து ஆரத்தி எடுத்தபின், மறுநாள் படிகள் இறங்கின. மண் பொம்மைகளைப் பழைய பருத்தி வேட்டித் துணியிலும் அதன்மேல் செய்தித்தாளிலும் சுற்றி, பெட்டிக்குள் வசம்புத் துண்டுகளைப் போட்டு மூடினோம். முளைத்தட்டுகளின் கேழ்வரகுப் பயிர் தெருமுனையில் கட்டியிருந்த பசுவுக்குப் போயிற்று, நார்க்கழிவு மாடித்தொட்டிகளுக்கு. காகிதக்கூழ்க் கோயில்கள் பரணுக்கு ஏறின. மெட்ரோ பலகையைத் தூக்கி எறியலாமா என்று கேட்டதற்கு, வேலை இன்னும் முடியவில்லையே என்று அம்மாவே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

2026-இல் நவராத்திரி அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம் என்பதால் வெயில் குறைவாகவும் ஈரப்பதம் மிகுதியாகவும் இருக்கும். முளைத்தட்டில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். விதையை நெருக்கமாகத் தூவாமல் சற்று இடைவெளி விட்டுத் தூவுவதும், நீர் தெளிப்பதைக் காலையோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. காகிதக்கூழ் வேலை எதையும் புரட்டாசிக்குத் தள்ளாமல் ஆடி வெயிலிலேயே முடித்துவிட வேண்டும். அண்ணன் மகள் இப்போதே காவிரிப் பாலம் கேட்டிருக்கிறாள். ஆற்றுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது, அதற்காக சோபாவை எந்த அறைக்குத் தள்ளுவது என்பதில்தான் பேச்சு இன்னும் முடியவில்லை.