பழைய சர்க்கரை ஆலையில் கலை அரங்கம்: பாரத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள்

மொரிசியஸின் போ பிளான் சர்க்கரை ஆலை 1999-இல் நின்றது, 2002-இல் இயந்திரங்களோடு அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தத் தீவில் பழைய ஆலையைக் காப்பாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அருங்காட்சியகத்தில் மக்கள் நடந்து போவார்கள். கச்சேரியில் நானூறு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். வேலை வேறு.

முதலில் சுவர். எரிமலைக் கருங்கல்லும் பவளத்தைச் சுட்டெடுத்த சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவரின் இடுக்குகளில் சிமெண்ட் பூசவே கூடாது. அடர்ந்த கல் ஈரத்தை விடாது. உள்ளே போன மழைநீர் காரை வழியாகத்தான் வெளியேறும். அதை அடைத்தால் உட்புறம் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் தோண்டி, 1 பங்கு நீர்ச் சுண்ணாம்புக்கு (ஈரத்திலும் இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்புத் தூள்) 3 பங்கு கழுவிய மணல் கலந்து அடையுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி ஒரு வாரமாவது காயவிடாமல் வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் இரண்டாம் முறையும் செலவழிப்பார்கள்.

கூரைச் சட்டம் ரிவெட் அடித்த பழைய தேனிரும்பாக இருந்தால் அதில் வெல்டிங் வேண்டாம், அடுக்கடுக்காகப் பிளக்கும். விளக்கு, ஒலிபெருக்கி எதையும் அதில் தொங்கவிடாதீர்கள். தரையில் நிற்கும் தனி டிரஸ் (கம்பிகளை முக்கோணமாகப் பின்னிய தாங்குசட்டம்) தான் பாதுகாப்பு. புயல் கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. 1975-இல் ஜெர்வேஸ் புயல் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய தீவு இது. தகரத்திலிருந்து சட்டம், சுவர், அஸ்திவாரம் வரை இணைப்பு எங்கும் அறாமல் இருக்க வேண்டும்.

பலர் கடைசியில் நினைப்பது ஒலியை. 40 மீட்டர் நீளம், 15 அகலம், 10 உயரம் என்றால் 6,000 கன மீட்டர். கல்லும் தகரமும் மட்டுமே இருந்தால் முழக்கம் அடங்க 5 விநாடி ஆகலாம். தவிலின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். 1.5 விநாடிக்குக் கொண்டுவர 0.161 × 6,000 ÷ 1.5, அதாவது ஏறக்குறைய 644 சதுர மீட்டர் உறிஞ்சுதிறன் (ஒலியை முழுதும் விழுங்கும் பரப்புக்குச் சமமான அளவு) வேண்டும்; 0.161 என்பது இந்தக் கணக்கின் மாறிலி. 5 விநாடி முழங்கும் வெறும் மண்டபத்திடம், அதே கணக்கில், 193 இருக்கிறது. நானூறு பேர் 180 தருவார்கள். மீதி 271-க்கு, 0.8 திறனுள்ள (பத்தில் எட்டுப் பங்கு ஒலியை விழுங்கும்) 100 மி.மீ. தடிமனுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை சுமார் 340 சதுர மீட்டர் தேவை. ஒத்திகைக்கு ஆளில்லாத மண்டபம் இன்னும் முழங்கும் என்பதால் மேடைக்குப் பின்னால் கனத்த திரையும் வையுங்கள்.

அந்தப் பலகைகளைக் கல்லில் ஆணியடித்து மாட்டாதீர்கள். 100 மி.மீ. தள்ளி, தரையில் ஊன்றிய சட்டத்தில் நிறுத்துங்கள். தாழ்ந்த சுருதிக்கும் அந்த இடைவெளி உதவும், சுவருக்கும் காற்று கிடைக்கும்.