இரட்டையர் வாரம்: கிருஷ்ணகிரி டென்னிஸ் நாட்குறிப்பு

12 செப்டம்பர் 2022, திங்கள்

நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் இன்று தொடங்குகிறது. பெண்களுக்கான டபிள்யூடிஏ (உலகப் பெண்கள் டென்னிஸ் அமைப்பு) 250 நிலைப் போட்டி. எல்லோரும் ஒற்றையரைத்தான் பேசுவார்கள், இங்கே இரட்டையர் மட்டும். மொத்தம் 16 ஜோடிகள். நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை, 2022 கணக்கில் ஆளுக்கு 280 புள்ளி. முதல் சுற்றிலேயே வெளியேறினால் 1 புள்ளி.

இடம் கிடைப்பது இருவரின் தரவரிசையையும் கூட்டித்தான். 90, 120 என்று இருக்கும் ஜோடிக்குக் கூட்டுத்தொகை 210. 60, 170 என்று இருப்பவர்களுக்கு 230, அவர்கள் பின்னால்தான். ஒற்றையர் தரவரிசை மேலாக இருந்தால் அதைக் காட்டியும் நுழையலாம். முன்பின் சேர்ந்து ஆடாத இருவர் திடீரென்று ஜோடியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

13 செப்டம்பர், செவ்வாய்

கோர்ட் அளவு. நீளம் 78 அடி, மாறாது. அகலம் ஒற்றையரின் 27 அடியிலிருந்து இரட்டையருக்கு 36 அடி ஆகிறது, பக்கத்துக்கு நாலரை அடி. செர்வ் விழ வேண்டிய கட்டம் அதேதான். நெட் நடுவில் 3 அடி, கம்பத்தில் மூன்றரை அடி.

நம் பக்கத்து கோர்ட்டுகளில் அடிக்கடி பார்ப்பது: ஒற்றையருக்கு நெட்டைத் தாங்க நிறுத்திய குச்சிகளை எடுக்காமலே இரட்டையர் ஆடுவார்கள். அந்த இடத்தில் நெட் ஒரு அங்குலத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும். நேர்க்கோட்டில் ஓர ஆலிக்குள் (அந்த நாலரை அடிப் பட்டைக்குள்) அடிக்கும் ரிட்டர்ன் (செர்வைத் திருப்பி அடிப்பது) அந்த ஒரு அங்குலத்தில்தான் தட்டும். பிள்ளைகள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வார்கள். குச்சியை முதலில் எடுங்கள். நடு உயரம் பார்க்க டேப் தேவையில்லை. 27 அங்குல ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, இன்னொன்றின் தலையை அகலவாக்கில் மேலே வைத்தால் ஏறத்தாழ 36 அங்குலம். குறைந்தாலும் கூடினாலும் நெட்டை நடுவில் கீழே இழுத்துப் பிடிக்கும் பட்டையைச் சரி செய்யுங்கள்.

பக்கவாட்டில் 12 அடி காலி இடம் வேண்டும் என்பது போட்டி அளவு. சுவர் ஐந்தாறு அடியில் நிற்கும் கோர்ட்டில் வைட் செர்வை (ஓரத்துக்கு விலகிப் போவது) முழு வேகத்தில் பழக்காதீர்கள், எடுக்க ஓடுபவள் சுவரில்தான் போய் நிற்பாள்.

15 செப்டம்பர், வியாழன்

டபிள்யூடிஏ இரட்டையரில் 40-40 வந்தால் அட்வான்டேஜ் (தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும் என்பது) கிடையாது. ஒரே புள்ளி, கேம் முடிந்தது. எந்தப் பக்கம் செர்வ் வாங்குவது என்பதை ரிட்டர்ன் ஜோடி தேர்ந்தெடுக்கும், ஆனால் தங்களுக்குள் இடம் மாறக் கூடாது. செட் 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் (முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி), 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். கிராண்ட்ஸ்லாமில் இது இல்லை, அங்கே பெண்கள் இரட்டையரில் மூன்றாவது செட்டும் முழுசு.

பலர் கவனிக்காதது: அந்த 10 புள்ளி டை-பிரேக்குக்கு முன் ஜோடிக்குள் செர்வ் வரிசையையும் வாங்கும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம், புது செட் தொடக்கம் மாதிரி. இரண்டாவது செட்டில் ஒருத்திக்குப் பேக்ஹேண்ட் ரிட்டர்ன் விழவே இல்லையென்றால் மாற்ற அதுதான் நேரம்.

16 செப்டம்பர், வெள்ளி

போச். நெட்டில் நிற்பவள் குறுக்கே பாய்ந்து ரிட்டர்னை வெட்டுவது. உள்ளூர் ஆட்டத்துக்கும் டிவியில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

நிற்கும் இடம் நெட்டிலிருந்து 8–10 அடி, செர்வ் கட்டத்தின் நடு. பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் பின்கோடு) மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரிட்டர்ன் நெட்டை எட்ட அரை நொடிதான். பந்து மட்டையில் பட்ட பிறகு முடிவெடுத்தால் கை மட்டும் நீளும், கால் வராது. சீக்கிரம் கிளம்பினால் எதிராளி பார்த்துவிட்டு நேர்க்கோட்டில் அடிப்பாள். அவள் கண் பந்துக்கு இறங்கி, மட்டை முன்னால் வரத் தொடங்கும் அந்தக் கணம்தான் சரி. ஓடும் திசை நெட்டுக்கு இணையாக அல்ல, சாய்வாக முன்னோக்கி. இணையாக ஓடினால் பந்து தாழ்ந்த பிறகு எட்டும், மேல்நோக்கித் தூக்க வேண்டி வரும்.

முதுகுக்குப் பின்னால் கைச் சைகை காட்டுகிறார்களே, அது செர்வுக்கு முன்பே இதைப் பேசி முடிப்பது. மூடிய கை என்றால் நிற்கிறேன், விரித்த கை என்றால் போகிறேன். ஜோடிக்கு ஜோடி மாறும். சைகை காட்டிவிட்டுப் போகாமல் நின்றால்தான் ஆபத்து, ஏனென்றால் செர்வ் போட்டவள் காலியாகும் பக்கத்தை மூடக் கிளம்பியிருப்பாள், மறுபக்கம் முழுசும் திறந்து கிடக்கும். போச் போகும்போது செர்வ் நடுக்கோட்டுக்கோ உடம்புக்கோ போக வேண்டும். வைட் போட்டால் எதிராளிக்கு இரண்டு கோணமும் கிடைத்துவிடும்.

18 செப்டம்பர், ஞாயிறு

இறுதி ஆட்டத்தில் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி – லூயிசா ஸ்டெபானி ஜோடி 6-1, 6-2 என்று அன்னா பிளிங்கோவா – நடெலா ஜலமிட்சே ஜோடியை வென்றது. இதே ஜோடியாக 2021 யுஎஸ் ஓபன் அரையிறுதி ஆடும்போதுதான் ஸ்டெபானிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்த முதல் போட்டியிலேயே கோப்பை. முழங்கால் அறுவைக்குப் பின் ஒற்றையரைவிட இரட்டையரில் திரும்புவது எளிது, பாதி கோர்ட்தான் என்று சொல்பவர்கள் மேலே எழுதிய அரை நொடியை நினைத்துப் பார்க்கட்டும். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பாய்ந்து திடீரென்று நிற்பது முழங்காலுக்குத்தான் வேலை.

வழக்கமான 7/9 முறையில் முதல் 7 கேமுக்குப் பின் பந்து மாற்றுவார்கள், பிறகு 9 கேமுக்கு ஒருமுறை. 6-1 என்றால் சரியாக 7, இரண்டாவது செட் புதுப் பந்தில்.

19 செப்டம்பர், திங்கள்

இங்கே ஒரே டப்பா பந்து வாரக்கணக்கில் ஓடும். தோள் உயரத்திலிருந்து பழசையும் புதுசையும் ஒன்றாக விடுங்கள். பழசு ஒரு சாண் குறைவாக எழும்பினால் அதைக் கூடைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். செத்த பந்தில் வாலி (தரையில் படுமுன் அடிப்பது) பழகினால் கையை வீசும் பழக்கம் வரும், புதுப் பந்தில் அது வெளியே போகும்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரியைவிடக் காற்று மெல்லியது. கிருஷ்ணகிரியில் உள்ளே விழும் லாப் (எதிராளி தலைக்கு மேல் தூக்கி அடிப்பது) அங்கே கொஞ்சம் நீளும், அங்கே ஆடப் போகிறவர்கள் ஒரு அடி குறைத்துக் குறி வையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: ஒவ்வொரு கேமும் 40-40-லிருந்து தொடக்கம். வாங்கும் ஜோடி பக்கத்தைச் சொல்ல வேண்டும், செர்வ் ஜோடி சைகை காட்ட வேண்டும். முதல் செர்வ் கட்டத்துக்குள் விழாவிட்டால் இரண்டாவதற்குப் புதுச் சைகை. ஆறு கேமுக்கு ஒருமுறை ஜோடி மாற்றுங்கள்.