கொக்கின் இடது சிறகு

பங்குனியில் ஒரு விடியற்காலை, நம் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் சேர் காலமான செய்தி வந்தது. எந்தச் சேர் என்று பெயர் எழுதத் தேவையில்லை. ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்ற வைத்தவர் என்றால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்த எல்லோருக்கும் விளங்கும். அன்றிரவே பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அந்தக் கொக்குக் கதையை வேறை ஆர் எழுதுறது?" என்றார். கதையில் பாதி, கண்காட்சிக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். மற்றப் பாதியை இன்றுவரை வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

1993ஆம் ஆண்டு, யாழ்ப்பாணம். போரால் கரண்ட் நின்று மூன்று வருசம். பற்றறி, தடைசெய்த சாமான்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒராள் மிதிக்க, டைனமோவில் வீடு முழுக்கச் செய்தி கேட்ட காலம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு என் வகுப்புப் பெடியள் எண்ணெய் மிச்சம் பிடிக்கும் விளக்கும், உமி அடுப்பும், பனங்களியில் உடுப்புத் தோய்க்கும் முறையும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு கொக்குச் செய்து கொண்டுபோனேன்.

உடம்பு ஒரு பால்மா ரின். கழுத்து, சைக்கிள் பிரேக் கம்பியின் உறை. சிறகுக்குக் குடைக்கம்பி, அதன்மேல் தென்னம் பன்னாடையை அம்மாவின் கோணி ஊசியால் தைத்திருந்தேன். அசைக்கிறதுக்குப் பழுதான ரேப் ரெக்கோடர் ஒன்றில் கழற்றிய மோட்டர். அது நிமிடத்துக்கு 2000 தடவைக்கு மேல் சுற்றும். சிறகு 40 தடவை அடித்தாலே காணும். அதனால் மோட்டரிலிருந்து ஒரு ரின் மூடிக்கும், அந்த மூடியோடு ஒரே அச்சில் இருந்த நூற்கட்டையிலிருந்து இன்னொரு பெரிய மூடிக்கும், பழைய ரியூப்பை வளையமாக வெட்டி வார் பூட்டி, இரண்டு படியாக வேகத்தைக் குறைத்திருந்தேன். பெரிய மூடியின் விளிம்பில் இரண்டு ஸ்போக் கம்பிகள், சிறகுக்கு ஒன்று.

எல்லாம் பூட்டி டைனமோவைத் தொடுத்து மிதித்தால், மோட்டர் சுற்றவில்லை. போத்தலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி நின்ற இடத்திலேயே இரைந்தது. பின்னால் வந்து நின்ற சேர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஆடலோட்டத்தைக் குடுத்துப்போட்டு நேரோட்ட மோட்டரைச் சுத்து எண்டால், அது எந்தப் பக்கம் சுத்தும்?" டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்; என் மோட்டருக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுவது.

அலுமாரியைத் திறந்து ஒரு செத்த றேடியோவின் பலகையை எடுத்து, அதிலிருந்து நாலு இருவாயிகளை, அதாவது டயோட்டுகளை, கழற்றினார். ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனையில் வெள்ளி வளையம். இரண்டு வளையம் சந்திக்கிற மூலை நேர், வளையமில்லாத முனைகள் சந்திக்கிற மூலை மறை, மிச்சம் இரண்டு மூலைக்கும் டைனமோ. "இதுக்கு ஒரு பக்கத்தாலை மட்டும்தான் விழுங்கத் தெரியும்" என்றார். கரண்ட் இல்லாததால், சிரட்டைக் கரியில் காய்ச்சிய இரும்பால்தான் ஈயம் பிடித்தோம். இரும்பு ஆறுவதற்குள் இரண்டு பொட்டு வைக்கலாம். பிறகு திரும்பவும் கரிக்குள் போடவேண்டும். நாலு இருவாயிக்கு ஒரு பின்னேரம் போனது.

அன்று கொக்கு எழும்பியது. வலது சிறகு உயர்ந்த பிறகு, ஒரு கணம் பிந்தி இடது உயர்ந்தது. சேர் பார்த்துக்கொண்டே நின்றார். "இடப்பக்கக் கம்பி ஒரு நூல் கூட. குறைச்சுவிடு." நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. உது என்னத்துக்கு?"

"பார்க்கிறதுக்கு, சேர்."

"சனம் எண்ணெய்க்கு வரிசையிலை நிக்குது தம்பி. பிரயோசனம் எழுதாமல் மேசையிலை வைக்க ஏலாது."

இரவு முழுக்க யோசித்து, மட்டையில் இப்படி எழுதினேன்: 'வெருளி. முந்திரிகைப் பந்தலில் கிளி, மைனா துரத்தும் பொறி.' அது பொய் என்று எனக்குத் தெரியும். என் கொக்கு எதையும் துரத்துவதற்குச் செய்ததல்ல. மூன்று வருசமாக வானத்தில் அசைந்ததெல்லாம் குண்டு போடும் பொம்மர்தான். வேறொன்று சிறகடிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

கண்காட்சி அன்று பிரதம விருந்தினர் மட்டையை வாசித்துத் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு தோட்டக்காரர் கேட்டார்: "தம்பி, பந்தலுக்குக் கீழை இருந்து நாள் முழுக்கச் சைக்கிள் ஆர் மிதிக்கிறது? மிதிக்கிறவனைக் கண்டாலே கிளி பறந்திடுமே?" மண்டபம் சிரித்தது. விருந்தினர் சிரித்தார். நம் வகுப்பும் சிரித்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முகம் கொதிக்க, சைக்கிளில் இருந்து இறங்கப் போனேன். சேர் மேசைக்கு வந்தார். மட்டையை எடுத்து இரண்டாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. "மிதி" என்றார். மிதித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாளும் கொக்கு பேரில்லாமல்தான் நின்றது. பின்னேரங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மிதிப்பதற்கு வரிசையில் நின்றார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்த கதையை நான் எழுதத் தேவையில்லை. நீங்களும் அதில் நடந்தவர்கள்தான். கொக்கு வீட்டு விறாந்தையில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு 2003இல் போய்ப் பார்த்தபோது கதவு நிலைகளே இல்லை. பிறகு கொக்கை எங்கே தேடுவது?

சுவிஸில் பாசல் நகருக்கு வந்தது 1997 மாரியில். குசினியில் கோப்பை கழுவும் வேலை. முதல் கிழமை, இரவு வேலை முடிந்து ட்ராமுக்கு நடக்கும்போது, நாடக அரங்குக்கு முன்னால் ஒரு தடாகத்தைக் கண்டேன். அதற்குள் பத்து இரும்பு உருவங்கள். இடித்த பழைய அரங்கின் மேடைச் சாமான்களையும் சேர்த்து சிற்பி ஜான் டிங்கெலி 1977இல் செய்தவை அவை என்று பிறகுதான் அறிந்தேன். ஒன்று தண்ணீரை அள்ளி அள்ளித் திரும்பவும் அதற்குள்ளேயே கொட்டியது. குளிரில் விறைத்து நெடுநேரம் நின்றேன். அள்ளிக் கொட்டுகிறவனுக்குக் கீழே பிரயோசனம் எழுதிய மட்டை எதுவும் இல்லை.

றைன் ஆற்றங்கரையில் டிங்கெலிக்கென்றே 1996இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. நிலத்தில் உள்ள பொத்தானைக் காலால் மிதித்தால் இயந்திரம் விழிக்கும்; கொஞ்ச நேரம் ஆடி ஓயும்; மோட்டர் தேயாமலிருக்க, இடைவெளி விட்டுத்தான் மறுபடி ஆடும். 1986இல் அவருடைய பட்டறைக்குக் கிட்ட ஒரு பண்ணை மின்னல் விழுந்து எரிந்தது. கரிந்த மரங்களையும் நெளிந்த இரும்பையும் சோளம் அறுக்கும் மெசினையும் விலங்கு மண்டையோடுகளையும் சேர்த்து அவர் செய்த மரண நடனம், ஒரு இருண்ட அறையில் நிழலோடு அசைகிறது. முதல் தடவை பார்த்துவிட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் இருந்துவிட்டேன். குண்டு விழுந்த சின்னம்மா வீட்டுக் கூரை வளையும் அப்படித்தான் கரிந்து கிடந்தது. அதை விறகாகக் கொத்தினோம். வேறெதற்கும் ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

1960 மார்ச் 17 அன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத் தோட்டத்தில், பியானோவும் சைக்கிள் சில்லுகளும் கொண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை டிங்கெலி ஓடவிட்டார். அது 27 நிமிடம் ஆடித் தீப்பிடித்தது. சாமான் தேடவும் மின்வேலைக்கும் பெல் ஆய்வுகூடத்து எஞ்சினியர் பில்லி குளூவர் அவருக்குத் துணை நின்றார். குளூவரைப் பற்றி எப்போது வாசித்தாலும் எனக்குச் சிரட்டைக் கரி மணக்கும்.

இன்று எனக்கும் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பீற்றர்ஸ்பிளாட்ஸில் சனிக்கிழமை கூடும் பழஞ்சாமான் சந்தையில் தகரமும் தையல் மெசினும் வாங்குவேன். எறிந்த பிரிண்டரை உடைத்தால் நல்ல ஸ்டெப்பர் மோட்டர் கிடைக்கும். தூரம் அளக்கும் சென்சர், காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை எண்ணுகிறது. ஆர்டுயீனோ என்ற சின்னக் கணினிப் பலகை அதை வாங்கிக் கணக்குப் பார்த்து மோட்டருக்குச் சொல்கிறது. நீங்கள் கிட்டப் போனால் உடைந்த குடை ஒன்று விரிகிறது, விலகினால் சுருங்குகிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பழக்குகிறேன். டயோட்டை ஒருதரம் இருவாயி என்று சொல்லிவிட்டேன். "அதுக்கு ரெண்டு வாயோ மாமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு பக்கத்தால் மட்டும்தான் விழுங்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது, இதை நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய மேசை எது என்ற நினைப்பு வந்து தொண்டையை அடைத்தது.

2019இல் சங்கத்திடம் இலக்கம் வாங்கிச் சேருக்கு எடுத்தேன். பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. ஆண்டைச் சொன்னேன்.

"ஆர், கொக்கோ?" என்றார். "உது இப்பவும் ஆடுதோ?"

அவர் குரலில் இருந்த ஆவலைக் கேட்ட பிறகு எனக்கு வேறு பதில் வரவில்லை. "ஓம் சேர், ஆடுது."

"அந்த ஒரு நூலைக் குறைச்சனியோ?"

"இல்லை சேர்."

"விடு. இனிக் குறைக்காதை."

அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அதை மெய்யாக்க வேண்டுமென்று அன்றே நினைத்தேன். செய்து, ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் வேலை, பிள்ளைகளின் படிப்பு, நல்ல டைனமோ கிடைக்கட்டும் என்று நாள் கடத்தினேன். டிங்கெலியின் நூறாவது பிறந்தநாளான 2025 மே 22 அன்று, அருங்காட்சியகத்தில் நின்றபடி இந்த வருசம் கட்டாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருசமும் போனது. பிறகு பங்குனியில் அந்தச் செய்தி.

அடுத்த கிழமையே வேலையைத் தொடங்கினேன். பன்னாடையை ஊரிலிருந்து வந்த ஒருவர் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்து தந்தார். 6 வோல்ட் டைனமோ ஒன்று சந்தையில் கிடைத்தது. சென்சரும் ஆர்டுயீனோவும் மேசையில் இருந்தும் அவற்றைத் தொடவில்லை. நாலு இருவாயி போதும்.

இம்முறை ஒன்றுகூடலில் மண்டப வாசலில் கொக்கு நிற்கும், பக்கத்தில் சைக்கிளும். வருகிறவர்கள் ஏறி மிதியுங்கள். வலது சிறகு முதலில் எழும்பும். இடது கொஞ்சம் பிந்தி வரும். இடப்பக்கக் கம்பியை அளந்து, ஒரு நூல் கூட விட்டு வெட்டியிருக்கிறேன்.