அம்பையும் நொந்துகொள்ளலாம்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்ற பழமொழியை வில்வித்தை பழகத் தொடங்கிய நாள்களில் நான் அப்படியே நம்பினேன். குறி தவறினால் தவறு என்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டு, நிற்கும் நிலையையும் நாணை விடும் கையையும் மட்டுமே திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அம்புகளில் குறிப்பிட்ட ஒன்று மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்கமாக ஒதுங்குவதைக் கவனித்த பிறகே, அம்பை நொந்துகொள்ளவும் சில நேரங்களில் நியாயம் உண்டு என்பது உறைத்தது.

என்னுடையது 60 பவுண்ட் இழுவிசை கொண்ட, நுனிகளில் கப்பிகள் பொருத்திய காம்பவுண்டு வில். நாள்தோறும் இலக்கில் பழகுவதற்கும், அனுமதியுள்ள பருவத்தில் வேட்டைக்குச் செல்வதற்கும் ஒரே வகை அம்பையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். பழகுவதற்கு ஒன்று, வேட்டைக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால், கை பழகிய அம்பு வீட்டில் இருக்கும். பழகாத அம்பு விலங்கின் முன் நாணில் இருக்கும். ஆனால் ஒரே அம்பு இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால், அது நூற்றுக்கணக்கான முறை எய்தாலும் உருக்குலையாமல் இருக்க வேண்டும்.

மரத்தாலான அம்புத் தண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அழகானது, ஆனால் ஈரப்பதத்தில் வளையும், காம்பவுண்டு வில்லில் பூட்டவே கூடாது. அலுமினியத் தண்டு அப்படியன்று. டக் ஈஸ்டன் 1939இல் அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து ஒரே சீரான எடைக்கும் நேர்த்திக்கும் அது பெயர் பெற்றது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் தண்டின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்: 2117 என்றால், வெளிவிட்டம் ஓர் அங்குலத்தின் 64 பங்கில் 21 பங்கு, குழாய்போன்ற தண்டின் சுவர் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. அதன் குறை, அது வளைந்துபோகும் என்பதுதான். மேசையில் உருட்டினால் தட்டுத்தடுமாறி ஓடும் அளவுக்கு வளைந்துவிட்டால், நிமிர்த்தும் கருவியில் வைத்து ஓரளவு சரிசெய்யலாம்; ஆனால் ஒருமுறை நிமிர்த்திய தண்டு அதே இடத்தில் மறுபடியும் எளிதில் வளைகிறது என்பது என் அனுபவம்.

கார்பன் இழைத் தண்டுக்கு வளைவு என்ற நடுநிலை கிடையாது. அது நேராக இருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும். நீளவாக்கில் அபாரமான உறுதி கொண்ட அந்த இழைகள், பக்கவாட்டில் விழும் ஒரு அடிக்குக் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். இத்தனைக்கும் பிறகு, நான் இரண்டு வேலைக்கும் கார்பனையே தேர்ந்தெடுத்தேன். வளைந்த அம்பை அது வளைந்தது என்றே தெரியாமல் எய்துகொண்டு, என் கையைக் குறைசொல்லிப் பல மாதங்களை வீணாக்கியதே அதற்குக் காரணம்.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது நேர்த்தியின் அளவை, அதாவது தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைத்தான். அங்குலத்தில் 0.001 பிசகு உள்ள தண்டுக்கும் 0.006 பிசகு உள்ள தண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. நான் நடுவில் இருக்கும் 0.003 போதும் என்பேன். நேர்த்தி அதிகம் என்பதால் அம்பு கூடுதல் நாள் உழைப்பதில்லை. அந்தப் பணத்தைச் சுவர் கனமான தண்டில் போடுவது மேல்.

உழைப்பைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு தண்டின் விறைப்புக்கு உண்டு. இதை ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் உள்ள இரண்டு தாங்கிகளின் மீது தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அது எவ்வளவு தொய்கிறதோ அதுவே ஸ்பைன் எண். அரை அங்குலம், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 500 பங்கு தொய்ந்தால் 500. ஆகவே எண் குறையக் குறைய விறைப்பு கூடும். இது மேசையில் அளந்த கணக்கு. வில்லிலிருந்து புறப்படும்போது அம்பு மீன்போல நெளிந்துகொண்டே போகிறது. தண்டு நீண்டாலும், முனை கனத்தாலும் அந்த நெளிவு அதிகமாகும். 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) முனைக்குப் பொருத்தமாக வாங்கிய தண்டில் 150 கிரெயின் முனையைத் திருகிவிட்டு, அம்பு ஏன் வாலாட்டுகிறது என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தளர்ந்த தண்டு குறி தவறுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் வளைந்து நாளடைவில் களைத்தும் போகிறது. தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் உங்கள் வில் இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால், காம்பவுண்டு வில்லுக்கு விறைப்பானதையே எடுங்கள்.

அடுத்தது எடை. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் என்பது பரவலாகச் சொல்லப்படும் கீழ் எல்லை. என் வில்லுக்கு அது 300 கிரெயின். அந்த எல்லையை ஒட்டிய அம்பு விரைந்து பறக்கும். ஆனால் அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் வில்லிலேயே அதிர்வாகத் தங்கி அதை வதைக்கும். நான் 430 கிரெயினில், அதாவது சுமார் 28 கிராமில் நின்றுவிட்டேன். வேட்டையில் ஊடுருவலுக்கு இந்தக் கனம் உதவுகிறது. சுவர் தடித்த தண்டு என்பதால் பழகும்போது அடியையும் தாங்குகிறது. 28 அங்குல அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து மூன்றரை அங்குலம் முன்னே இருக்கிறது. கணக்கில் சொன்னால் அம்பின் நீளத்தில் 12.5 சதவீதம், இரண்டு வேலைக்கும் ஒத்துவரும் அளவு.

என் அம்புகளில் ஒன்றுகூட நடுத்தண்டில் ஒடிந்ததில்லை. சேதமெல்லாம் இரு நுனிகளில்தான். முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டப்படும் இன்சர்ட், கடினமான பொருளில் மோதினால் பின்னோக்கி நகர்ந்து தண்டின் வாயைப் பிளந்துவிடும். ஒருமுறை என் அம்பு இலக்கைத் தாண்டி அதன் மரச்சட்டத்தில் பாய்ந்தது. முனை நேராகவே இருந்ததால் துடைத்துவிட்டுத் தூணியில் போட்டேன். மறுநாள் ஏதோ உறுத்தலில் அந்தத் தண்டின் மேல் பஞ்சை நெடுகத் தேய்த்துப் பார்த்தேன். முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, பஞ்சின் ஒரே ஓர் இழை மாட்டிக்கொண்டு நின்றது. இரு நுனிகளையும் பிடித்து, என்னிடமிருந்து விலக்கி லேசாக வளைத்தபோது, காய்ந்த சுள்ளியை மிதித்ததுபோல மெல்லிய சடசடப்பு கேட்டது. அதை மட்டும் எய்திருந்தால், நாணின் விசையில் தண்டு சிதறி, வில்லைப் பிடித்திருக்கும் கைக்குள் கார்பன் சிம்புகள் பாய்ந்திருக்கும். அன்றிலிருந்து கடினமான எதன் மீதாவது பட்ட அம்பு, இந்தச் சோதனையைத் தாண்டாமல் என் நாணைத் தொடுவதில்லை.

இந்தச் சேதத்துக்கு நான் கண்ட மாற்று, தண்டின் முன்வாயின் மேல் ஒட்டப்படும் சிறிய அலுமினிய வளையம். காலர் எனப்படும் இது சில கிரெயின்களே கூட்டும். ஆனால் பிளவை வாயிலேயே தடுத்துவிடும். உள்விட்டம் 6.2 மில்லிமீட்டர் உள்ள வழக்கமான தண்டை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம்: இன்சர்ட் முழுமையாக உள்ளே அமர்கிறது. மெல்லிய தண்டுகள் காற்றில் குறைவாக ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் முன்பகுதிப் பொருத்தத்தைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

பின்நுனியில் நாணைக் கவ்வும், 'நாக்' எனப்படும் பிளாஸ்டிக் கவ்விக்கு எதிரி, நம் அடுத்த அம்புதான். நன்றாக எய்யத் தொடங்கியதும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். பார்க்கப் பெருமையாக இருந்தாலும் இரண்டு தண்டுகளும் பாழ். ஒரே புள்ளியில் ஆறு அம்புகளை எய்வதை விட்டு, ஆறு புள்ளிகளை வரைந்து தலைக்கு ஒன்றாக எய்யத் தொடங்கினேன். கீறல் விழுந்த நாக் எய்யும் கணத்தில் உடைந்தால், அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமமான அதிர்ச்சி வில்லுக்கு ஏற்படும் என்பதால், சந்தேகம் வந்ததுமே மாற்றிவிடுகிறேன்.

இலக்கிலிருந்து பிடுங்கும் முறையிலும் அம்பின் ஆயுள் கூடிக் குறைகிறது. ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறு கையால் தண்டை இலக்குக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நுனியைப் பிடித்து ஆட்டி இழுப்பவரிடம் அலுமினியம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

வேட்டை முனையைப் பொருத்தியதும் இவ்வளவும் மறுபடியும் சோதனைக்கு வரும். அதன் அலகுகள் காற்றில் சிறகுபோலச் செயல்படுவதால், சாதாரண முனையில் மறைந்திருந்த சிறு கோணலும் வெளிப்பட்டுவிடும். எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில் போய்த் தைக்கும் என்று நம்ப வேண்டாம். வேட்டையில் கார்பன் அம்பு விலங்கின் உடலுக்குள் ஒடிந்திருந்தால், அந்தப் பகுதி இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். அந்தச் சிம்புகள் உணவில் கலக்கக் கூடாதவை.

இப்போது என் பன்னிரண்டு அம்புகளுக்கும் இறகின் அருகே எண் எழுதியிருக்கிறேன். எந்த எண் எங்கே தைத்தது என்பதை ஒரு சிறு நோட்டில் குறித்துவருகிறேன். ஒதுங்கும் அம்பின் நாக் கவ்வியைச் சற்றே திருப்பிப் பார்ப்பேன். அப்படியும் திருந்தாவிட்டால் அது அருகில் நின்று பழகுவதற்குப் போய்விடும். பருவம் தொடங்குவதற்கு முன், வேட்டை முனை பொருத்தியும் புள்ளியை விட்டு விலகாத மூன்று எண்களை அந்த நோட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன்.