ரெண்டாவது குக்கி எங்க போச்சு?
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில தே தாரிக் ஆறிக்கிட்டு இருக்கு, ஆபீஸ் தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி "அண்ணே, சர்வர் ரெண்டு குக்கி, அதான் பிரவுசர் ஞாபகம் வச்சுக்கிற குட்டித் தகவல், அனுப்புது, எனக்கு ஒன்னுதான் வருது"ங்கிறான்.

பார்த்தா, பதிலுக்கு முன்னாடி சர்வர் அனுப்புற 'பேரு: மதிப்பு' வரிங்க, அதான் ஹெடரை எல்லாம், ஒரு பேருக்கு ஒரே மதிப்பு வைக்கிற சாதா டிக்‌ஷனரியில போட்டு வச்சிருக்கான். குக்கியைக் கொண்டு வர்ற ஹெடர் பேரு செட்-குக்கி; ரெண்டாவது செட்-குக்கி வந்து முதல்ல வந்ததை அழிச்சிடுச்சு.

"அப்ப ரெண்டையும் கமா போட்டு ஒன்னா சேர்த்துடவா?"

செட்-குக்கிக்கு மட்டும் அது ஆகாதுடா. குக்கி காலாவதியாகிற எக்ஸ்பயர்ஸ் தேதிக்குள்ளயே ஒரு கமா உக்காந்திருக்கு பாரு, 'Wed, 21 Oct 2015'ன்னு, அப்புறம் எங்க பிரிப்ப?

கோ (Go) நிரல் மொழியில ஒரு ஹெடர் பேருக்கு ஒரு லிஸ்ட்டுன்னே வச்சுட்டாங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து குழப்பத்தையும், எடுக்க கெட், வைக்க செட்டுன்னு ஃபங்ஷனைக் கூப்பிட்டா அதுவே பேரை ஒரே மாதிரி ஆக்கிப் பார்த்துக்கும்.

எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். என்ன, எந்த ஹெடர் முதல்ல வந்துச்சுங்கிற வரிசை போயிடும், நடுவுல நின்னு கோரிக்கையையும் பதிலையும் கடத்துற பிராக்ஸி எழுதுறவங்களுக்குக் கொஞ்சம் கடுப்புதான்.